கொக்கியில் மாட்டாத சாயம்

எங்கள் ஆய்வகத்தில் ஒருவர் இருக்கிறார். அவர் இருக்கிற அறையில் யாராவது தெரியாத்தனமாக விளக்கைப் போட்டுவிட்டால் அன்றைக்கு அவர்களுக்குச் சாப்பாடு இறங்காது, அவ்வளவு வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். அதனால் அவருக்கு இருட்டண்ணன் என்று பெயர். வைத்தது நான்தான். அதில் எனக்கு வருத்தமெல்லாம் இல்லை. அவர் எனக்கு வைத்திருக்கும் பெயர் தீப்பெட்டி.

ஆஸ்பத்திரியின் ஐந்தாம் மாடியில் ரத்த நோய்களுக்கான ஆய்வகம் எங்களுடையது. அவர் டியூபில் கலந்து கொடுப்பதை நான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரு கதவு. எங்கள் சண்டைகளில் முக்கால்வாசி அந்தக் கதவைப் பற்றியவை.

மனிதர் ஆள் ஒல்லி, பேச்சு அதைவிட ஒல்லி. ரசாயனம் படித்துவிட்டுக் கல்லூரியில் பாடம் நடத்தப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், நல்லது கிடைக்கும்வரை இருக்கட்டும் என்று இங்கே வந்து சேர்ந்தார். நல்லது கிடைக்கவில்லை, இங்கேயே தலை நரைத்துவிட்டது. வேலையில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது. சோப்புப் போட்டுக் கை கழுவுவதைப் பார்த்தாலே நமக்குக் கை வலிக்கும். ஒரு டியூபின் மூடியைத் திறப்பதற்குள் மூன்று முறை பெயரைப் படிப்பார். அவர் சரியாகத்தான் செய்கிறார் என்பது எனக்கு எப்போதுமே தெரியும். அதுதான் எரிச்சலே.

அவர் செய்வது என்னவென்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பிற்பாடு நடந்தது புரியாது. நோயாளியின் செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வில் ஒரு குறிப்பிட்ட இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு, அந்த இடத்தில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு சின்ன டி.என்.ஏ. துண்டைச் செய்து அதற்குச் சாயம் ஏற்றி அனுப்புவோம். புரோப் என்போம். அது போய் ஒட்டிய இடம் நுண்ணோக்கியில் புள்ளியாக ஒளிரும். சிக்கல் என்னவென்றால், டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதி வாய்க்குப் பிடித்ததை மட்டும் தின்னும் குழந்தை மாதிரி. நியூக்ளியோடைடு என்ற ஒவ்வொரு எழுத்தாக எடுத்துக் கோத்துக்கொண்டே போகும். எழுத்தின் தலையில் பெரிய சாயத்தைக் கட்டிக் கொடுத்தால் அடையாளம் தெரியாமல் திணறி நின்றுவிடும். அதனால் எழுத்தில் ஒரு குட்டிக் கொக்கியை மட்டும் மாட்டிக் கொடுப்பார் இருட்டண்ணன். கொக்கி சின்னது என்பதால் நொதி கண்டுகொள்ளாமல் கோத்துவிடும். டி.என்.ஏ. முழுக்கக் கொக்கிகள் வந்த பிறகு சாயத்தை ஊற்றினால், சாயம் போய்க் கொக்கிகளில் மாட்டிக்கொள்ளும். அந்தச் சாயத்துக்கு வெளிச்சம் ஆகாது. வெளிச்சம் பட்டால் வெளுத்துச் செத்துப்போகும். இருட்டண்ணனின் வாழ்க்கை வரலாறு இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

வீட்டிலும் இதே கூத்துதான். அவர் மனைவி ஒருமுறை போனில் என்னிடம் பொரிந்து தள்ளினார்.

"ஏம்மா, உங்க ஆஸ்பத்திரி கரண்ட் பில்லை இவர்கிட்டதான் வசூல் பண்றாங்களா? நான் குளிச்சிட்டு இருக்கறப்பவே பாத்ரூம் லைட்டை அணைச்சிட்டுப் போறாரு. கேட்டா பழக்கதோஷம்ங்கறாரு. சமையலறையில அலுமினியத் தாள் சுருள் வாங்கி வெச்சா ரெண்டே நாள்ல காணோம்!"

தாள் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு டியூபுக்கும் அதைச் சுற்றிச் சட்டை தைத்துக் கொண்டிருந்தார். அண்ணி அதே தாளில்தான் மதியச் சாப்பாட்டையும் மடித்துக் கொடுப்பார். ஒருநாள் சாப்பாட்டை ஃப்ரீசரில் வைத்துவிட்டு டியூப் பெட்டியோடு கேன்டீனில் வந்து உட்கார்ந்தார். அதைப் பிரித்துப் பார்த்தபோது அவர் முகம் போன போக்கை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

இப்போது லிஃப்ட்காரர். எங்கள் கட்டிடத்தின் லிஃப்ட் பழசு, ஆள் உட்கார்ந்து ஓட்ட வேண்டும். அதில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவர்தான் இந்தக் கதைக்கே காரணம். ஐந்து மாடி ஏறுவதற்குள் நமக்குச் சிரிப்பு வரவழைக்கிற மனிதர். நடுவில் கொஞ்ச நாளாகக் காய்ச்சல் வருவதும் போவதுமாக இருந்தார். ரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் தாறுமாறாக ஏறியிருந்தன. இடுப்பெலும்பில் ஊசி போட்டு எடுத்த மஜ்ஜை எங்கள் மாடிக்கு வந்தது. ஏழெட்டுக் கண்ணாடித் துண்டுகளில் தடவி வைத்தோம். மறுபடி எடுக்கப் பார்த்தபோது ஊசியில் ஒன்றும் வரவில்லை. ஆக இருப்பது அவ்வளவுதான்.

பெரிய டாக்டரம்மா தெரிந்துகொள்ள விரும்பியது ஒரே விஷயம். லிஃப்ட்காரரின் டி.என்.ஏ.வில் இரண்டு வேறு இடங்கள் உடைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றனவா, இல்லையா? ஒட்டியிருந்தால் அதற்கென்றே ஒரு மாத்திரை உண்டு, அதைத் தின்றுகொண்டு லிஃப்டிலேயே உட்கார்ந்திருக்கலாம். ஒட்டவில்லை என்றால் வார்டில் படுத்து மாதக்கணக்கில் மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். அந்த மருந்து லேசுப்பட்டதல்ல. விடை தெரியும்வரை அணுக்களை அடக்கிவைக்க டாக்டரம்மா ஏதோ ஒன்றைக் கொடுத்து வைத்திருந்தார்.

இதற்கான புரோப் வெளிநாட்டிலிருந்து ரெடிமேடாக வரும். வந்தது. சுங்கத்தில் வெயிலில் கிடந்து கெட்டு வந்தது. அடுத்தது எப்போது என்று கேட்டால் அவர்களுக்கே தெரியவில்லை. டாக்டரம்மா இருட்டண்ணனைக் கூப்பிட்டு, "முன்னாடி நீங்களே செஞ்சிருக்கீங்களே, இப்பவும் செஞ்சிடுங்களேன்," என்று உப்புமா கிண்டச் சொல்வது போலச் சொல்லிவிட்டார். இவரும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். வெகுநாள் முன்பு ஓர் ஆராய்ச்சிக்காக அவர் புரோப் செய்ததும் அது ஜோராக வந்ததும் உண்மைதான்.

அன்றைக்கு லிஃப்டில் நாங்கள் மூவர்தான். லிஃப்ட்காரர் கேட்டார்.

"சார், எனக்கு என்ன செய்யப் போறீங்கன்னு நீங்களாவது சொல்லுங்க. டாக்டரம்மா சொல்றது ஒண்ணும் ஏற மாட்டேங்குது."

வழக்கமாக வாயைத் திறக்காத மனிதருக்கு அன்றைக்கு என்ன ஆயிற்றோ. கதவுக்கு மேலே இருக்கும் இரண்டு குட்டி விளக்குகளைக் காட்டினார். மேலே போனால் பச்சை, கீழே போனால் சிவப்பு.

"இதே மாதிரிதான். ஒரு எடத்துக்குப் பச்சை, இன்னொரு எடத்துக்குச் சிவப்பு ஏத்தி அனுப்புவேன். ரெண்டும் ஒரே எடத்துல சேர்ந்து எரிஞ்சா மஞ்சளாத் தெரியும். மஞ்சள்னா உங்களுக்கு மாத்திரை. தனித்தனியா எரிஞ்சா வார்டு."

லிஃப்ட்காரர் அண்ணாந்து விளக்குகளைப் பார்த்தார்.

"என் லிஃப்ட்ல ரெண்டும் சேர்ந்து எரிஞ்சா மெக்கானிக்கைக் கூப்பிடணும். உங்க மெஷின்ல எரிஞ்சா மாத்திரையா? நல்ல கூத்து சார்!" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "வார்டுக்குள்ள மட்டும் போகக்கூடாது சார். போனா இந்த ஸ்டூல்ல வேற ஆளை உட்கார வெச்சிருவாங்க."

முதல் புரோப் தயாரானது. நான் ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து, அதில் புரோப்பை ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்தேன். செல்கள் நீல உருண்டைகளாகத் தெரிந்தன. அதற்குள் ஒன்றும் இல்லை. சிவப்பு இல்லை, பச்சை இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

"ஒண்ணும் எரியலை அண்ணா," என்றேன்.

"நீ கதவைத் திறந்து வெச்சிருப்ப."

"நான் திறக்கவே இல்ல."

"அப்ப உன் லேம்ப். ரொம்ப நேரம் போட்டு வெச்சிருப்ப, சாயம் வெளுத்துப்போச்சு."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் நிஜமாகவே நான் விட்டுவிட்டேனோ என்று உள்ளுக்குள் ஒரு பயமும் இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன். மறுபடி செய்தார், மறுபடியும் நீல உருண்டை. அடுத்தடுத்துச் செய்ததெல்லாமும் அதே கதி. லிஃப்ட்காரரின் கண்ணாடித் துண்டுகள் ஒவ்வொன்றாகக் குப்பைக்குப் போயின. டாக்டரம்மா ஏறி வந்து எங்கள் இருவரையும் ஒரு பிடி பிடித்தார். இனி முதலில் ஆரோக்கியமான செல்லில் சோதித்துப் பார்த்து, அதில் எரிந்தால்தான் அவருடையதைத் தொட வேண்டும் என்று உத்தரவு. இதை நாங்களே முதலில் செய்திருக்க வேண்டும். அவசரத்தில் புத்தி மழுங்கிவிட்டது. அதற்குள் அவருடையதில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

அதன் பிறகு இருட்டண்ணன் வெளிச்சத்தோடு யுத்தத்தில் இறங்கினார். கதவிடுக்கில் பழைய துண்டைத் திணித்தார். ஃப்ரிட்ஜின் சிவப்புப் பொட்டு விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டினார். சுழலும் இயந்திரத்தின் எண் பலகைக்கும் டேப். என் கைபேசியை வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னார். சுவர்க் கடிகாரத்தின் முட்கள் இருட்டில் லேசாக மினுக்குகிறதாம், அதையும் கழற்றிக்கொண்டு போய் எங்கேயோ பூட்டி வைத்துவிட்டார். கடிகாரம் என்னுடையது, என் காசில் வாங்கியது. பெருக்க வருகிற அம்மா வாசலிலேயே துடைப்பத்தைப் போட்டுவிட்டு, "இந்தக் குகைக்குள்ள நான் வரமாட்டேன்," என்று போய்விட்டார். அவர் மேல் தப்பே இல்லை. உள்ளே நடந்தால் முழங்காலில் இடிக்காத பொருள் கிடையாது.

இத்தனைக்குப் பிறகும் எரியவில்லை. நீல உருண்டைகள் கனவில்கூட வர ஆரம்பித்துவிட்டன. நாங்கள் இருவரும் அதைத் தவிர வேறு பேசுவதை நிறுத்திவிட்டோம். பேசினாலே சண்டை. அவர் சாயத்தைக் கூட்டிப் பார்த்தார். கொக்கி எழுத்தைக் கூட்டினார், குறைத்தார். ஒவ்வொரு தோல்விக்கும் கடைசியில் காரணம் நான்தான். நான் இருமினால்கூட வெளிச்சம் வந்துவிடும் போலிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து என் புருஷன்கூட என்னை இவ்வளவு சந்தேகப்பட்டதில்லை.

லிஃப்ட்காரர் தினமும் கேட்பார். முதலில் நீளமாகக் கேட்டார். "சார், சிவப்பும் பச்சையும் சேர்ந்துதா, தனியாவா?" என்பார். பிறகு அது, "சார், ஏதாவது தெரிஞ்சுதா?" என்று சுருங்கியது. கடைசியில் ஒரே வார்த்தை ஆகிவிட்டது.

"எரிஞ்சுதா?"

"இல்லப்பா. நாளைக்குப் பார்ப்போம்," என்பார் இருட்டண்ணன். நாளைக்கும் அதே கேள்வி, அதே பதில். ஒரு காலையில் இருட்டண்ணன் லிஃப்ட் வாசலுக்கு வந்து நின்றார், உள்ளே ஸ்டூலில் சுவரில் சாய்ந்திருந்த அந்த வெளிறிய முகத்தைப் பார்த்தார், திரும்பிப் படிக்கட்டுப் பக்கம் போய்விட்டார். அன்றிலிருந்து படிதான். மூட்டுவலிக்காரர். மூன்றாம் மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவதை நானே பார்த்தேன். மனிதர் தப்பித்துவிட்டார். தினமும் லிஃப்டில் மாட்டிக்கொண்டது நான்.

"மேடம், சாருக்கு என் மேல என்ன கோவம்? ஏன் லிஃப்ட்ல வர்றதில்ல?" என்று கேட்டார் லிஃப்ட்காரர்.

"கோவம் எல்லாம் இல்லங்க. உடம்பைக் குறைக்கணுமாம்."

"அவருக்கா? எலும்பைத்தான் குறைக்கணும்," என்றார். சிரித்தார், ஆனால் சிரித்து முடிக்க மூச்சுப் போதவில்லை. எனக்கு இருட்டண்ணன் மேல் அப்படியொரு ஆத்திரம் வந்தது.

அந்த வாரம் டாக்டரம்மா சொல்லிவிட்டார். இனிமேல் தள்ளிப்போட முடியாது. இந்த வாரத்துக்குள் விடை வரவில்லை என்றால், மாத்திரையா மருந்தா என்று தெரியாமலேயே வார்டில் சேர்த்து மருந்தை ஏற்றிவிடுவார். அந்த மருந்து தேவையே இல்லாத ஆளாக இருந்தாலும் ஏற்றித்தான் ஆக வேண்டும்.

நான் இதைச் சொல்வதற்காக இருட்டண்ணன் அறைக் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. துண்டைத் தள்ளிக்கொண்டு கதவை ஒரு சாண் திறந்தேன்.

"கதவை மூடு! டியூப் வெளிய இருக்கு!"

"அண்ணா, டாக்டரம்மா..."

"மூடுன்னு சொல்றேன்ல! உன்னாலதான் எல்லாம் போச்சு. அந்த ஆளு உன்னாலதான் வார்டுக்குப் போகப் போறான்!"

இதைக் கேட்டபின் எனக்கு என்ன ஆனது என்று சொல்லத் தெரியவில்லை. உள்ளே நுழைந்து, சுவரைத் தடவி, இருந்த அத்தனை ஸ்விட்சையும் படபடவென்று தட்டிவிட்டேன். தீப்பெட்டி என்று சும்மாவா பெயர் வைத்தார்? குழல்விளக்குகள் கண்சிமிட்டி எரிந்தன. இருட்டண்ணன் அடிபட்டவர் மாதிரி இரண்டு கைகளாலும் டியூப் தாங்கியை மறைத்துக்கொண்டு அலறினார். நான் பதிலுக்குக் கத்தினேன். என்னவெல்லாம் கத்தினேன் என்று இங்கே எழுத முடியாது. கத்திக்கொண்டே, எதையாவது தூக்கிப் போட வேண்டும் என்று மேசையைப் பார்த்தேன்.

மேசையின் கோடியில், வீணானதைச் சேர்த்து வைக்கும் தாங்கியில், வரிசையாக டியூப்கள் இருந்தன. சாயம் ஏற்றிய பிறகு டி.என்.ஏ.வைச் சின்ன வடிகட்டி ஒன்றில் பிடித்துவைத்து, மாட்டாமல் மிஞ்சிய சாயத்தைக் கழுவி வெளியேற்றுவார். அப்படிக் கழுவி வந்த தண்ணீர் அது. இருட்டிலேயே ஊற்றி இருட்டிலேயே மூடிவிடுவதால் அதை யாரும் வெளிச்சத்தில் பார்த்ததில்லை. அந்த டியூப்கள் ஒரு வரிசை ரோஜா நிறத்திலும் ஒரு வரிசை இளம்பச்சையாகவும் பளபளவென்று இருந்தன.

"இது என்ன?" என்றேன்.

"கழுவின தண்ணி. அதை விடு, விளக்கை அணை!"

"சாயம் வெளுத்துச் செத்துப்போச்சுன்னு சொன்னீங்களே. செத்த சாயம் எப்படி இவ்வளவு கலரா இருக்கு?"

  அவர் முகத்தில் ஈயாடவில்லை. மெதுவாகத் தாங்கியை எடுத்து, நான் பழகிய நாளிலிருந்து முதல்முறையாக, அவராகவே ஒரு சாய டியூபை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"வெளுக்கவே இல்ல," என்றார். "அப்படின்னா சாயம் நல்லாத்தான் இருக்கு. ஆனா டி.என்.ஏ.ல மாட்டலை. வேற எதுலயோ மாட்டிட்டுப் போயிருக்கு."

அதற்கப்புறம் நான் அங்கே இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது. ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து, பெயரைப் படித்து, கீழே வைத்தார். கட்டைவிரல் அளவு ஒரு குட்டி பாட்டிலில் வந்து நின்றார். புது வடிகட்டிகளோடு சேர்ந்து வந்த பாட்டில் அது. சாயம் ஊற்றுவதற்கு முன்னால், கொக்கி போட்ட டி.என்.ஏ.வை வடிகட்டியிலிருந்து இறக்குவதற்கான திரவம். அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் காலத்தில் அவர் டி.என்.ஏ.வை வெறும் தண்ணீரில் இறக்கியவர். இந்த முறை பாட்டிலோடு வந்த குறிப்பில், தண்ணீரைவிட இந்தத் திரவத்தில் டி.என்.ஏ. பத்திரமாக இருக்கும் என்று போட்டிருந்தது. அது உண்மையும்கூட. தெரிந்த மனிதரின் உயிர் விஷயம் ஆயிற்றே, கூடுதல் பத்திரமாகச் செய்வோம் என்று தண்ணீரை விட்டுவிட்டு இதை எடுத்திருக்கிறார். அந்தத் திரவத்திலும் அதே மாதிரிக் கொக்கிகள் உண்டு. டி.என்.ஏ.வில் ஒரு கொக்கி இருந்தால் திரவத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஊற்றிய சாயமெல்லாம் கண்ணில் பட்ட முதல் கொக்கிகளில் மாட்டிக்கொண்டு, கழுவின தண்ணீரோடு ஜாலியாக வெளியே போய்விட்டது. டி.என்.ஏ. ஒவ்வொரு முறையும் வெறுங்கொக்கியோடு காத்துக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரியும்மா இது," என்றார்.  "சாயம் ஊத்தற எடத்துல இந்தத் திரவம் வரவே கூடாது. முதல் வருஷப் பையன்கூடச் சொல்லுவான். பாட்டில்ல பேரும் போட்டிருக்கு. தினமும் மூணு தடவை படிச்சேன்."

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. எத்தனை நாள் திட்டு வாங்கியிருக்கிறேன்! அவர் மன்னிப்பும் கேட்கவில்லை. எழுந்து போய் அலமாரியைத் திறந்து என் கடிகாரத்தை எடுத்து, சட்டையில் துடைத்து, சுவரில் மாட்டினார். நானும் விளக்கை அணைத்துவிட்டுக் கதவை மூடிக்கொண்டு வந்தேன்.

அடுத்த புரோப்பைத் தண்ணீரில் இறக்கிச் செய்தார். ஆரோக்கியமான செல்லில் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தேன். கண்ணை வைத்த மாத்திரத்திலேயே தெரிந்தது. ஒவ்வொரு நீல உருண்டைக்குள்ளும் சிவப்பும் பச்சையும் ஊசி முனையால் குத்தினது மாதிரி எரிந்தன.

"எரியுது அண்ணா!" என்று கத்தினேன்.

அவர் ஓடி வந்தார், வரும் வழியில் ஒரு நாற்காலியைத் தள்ளிவிட்டார். என்னை ஒதுக்கிவிட்டுக் கண்ணை வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "எரியுதும்மா, எரியுது," என்று தொடையைத் தட்டிக்கொண்டார். எனக்கும் பழைய கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. இரண்டு பேரும் ஏதோ பரீட்சையில் தேறிய பிள்ளைகள் மாதிரி சிரித்தோம்.

லிஃப்ட்காரரின் கடைசிக் கண்ணாடித் துண்டை எடுத்தோம்.  புரோப்பை ஏற்றி, ஊறவைத்து, கழுவி, நுண்ணோக்கியில் வைத்தபோது அவர் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார்.

"எரியுதா?"

"எரியுது. ரொம்ப நல்லா எரியுது."

"அப்பாடா!" என்றார். நாற்காலி ஆடியது.

நான் அடுத்த செல்லுக்கு நகர்த்தினேன். அதற்கடுத்த செல்லுக்கு. சிவப்பு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம். இன்னொன்றில் கொஞ்சம் கிட்டே இருந்தன, உற்றுப் பார்த்தால் அதிலும் தனித்தனிதான். மஞ்சள் எங்குமே இல்லை. நான் எண்ணிக்கொண்டே போனேன். எண்ண வேண்டியதற்கு மேலேயும் எண்ணினேன். இத்தனை நாளும் எரியுமா, எரியுமா என்று மட்டுமே கேட்டுக்கொண்டு, எரிந்தால் என்ன சொல்லப் போகிறது என்பதையே நாங்கள் இரண்டு பேரும் மறந்துபோயிருந்தோம். 

"மஞ்சள்?" என்றார் இருட்டண்ணன் கடைசியில்.

"இல்ல அண்ணா."

 நுண்ணோக்கிப் படங்களை அச்சடித்து எடுத்துக்கொண்டோம். டாக்டரம்மா கீழ்த்தளத்தில் இருந்தார். இந்த மாதிரி முடிவுகளை நோயாளியிடம் டாக்டர்தான் சொல்ல வேண்டும், எங்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தை போகக்கூடாது. அது எழுதப்பட்ட விதி. படியில் இறங்கிவிடலாம் என்று இருட்டண்ணன் திரும்பினார். அதற்குள் லிஃப்ட் ஐந்தாம் மாடியில் வந்து நின்று கதவு திறந்தது. உள்ளே ஸ்டூலில் அவர். எங்களைப் பார்த்துவிட்டார், கையிலிருந்த படங்களையும் பார்த்துவிட்டார். இருட்டண்ணன் ஒரு நொடி தயங்கினார். பிறகு உள்ளே ஏறினார். நானும் ஏறினேன்.

"சாரே லிஃப்ட்ல வர்றாரா!" என்றவர், உடனே கேட்டார். "எரிஞ்சுதா சார்?"

இருட்டண்ணனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதைவிடச் சமாளிக்கத் தெரியாது.

"எரிஞ்சுது," என்றார்.

லிஃப்ட்காரர் எழுந்துவிட்டார். ஸ்டூல் பின்னால் சாய்ந்து விழுந்தது. இருட்டண்ணனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எனக்குத் தெரியும் சார்! எனக்குத் தெரியும்! எம்பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டே இருந்தேன், அந்த சாரு விடமாட்டாரு, எரிய வெச்சிட்டுத்தான் மறுவேலைன்னு. எரிஞ்சிருச்சா!" கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. வாய் சிரித்துக்கொண்டே இருந்தது.

கதவு மூடிக்கொண்டது. யாரும் பொத்தானை அழுத்தவில்லை. லிஃப்ட் அங்கேயே நின்றது. நான் தரையைப் பார்த்தேன். இருட்டண்ணன் கைகளை உருவிக்கொள்ளவில்லை, பேசவும் இல்லை. அந்த மௌனம் கொஞ்சம் கொஞ்சமாக லிஃப்ட்காரரிடம் போய்ச் சேர்வதை நான் உணர்ந்தேன். அவர் கையை எடுத்தார். கதவுக்கு மேலே இருந்த இரண்டு விளக்குகளையும் அண்ணாந்து பார்த்தார்.

"சேரலையா சார்?" என்று கேட்டார்.

"டாக்டரம்மா சொல்லுவாங்க," என்றார் இருட்டண்ணன். "நான் உங்ககூட உள்ள வர்றேன்."

லிஃப்ட்காரர் தலையை ஆட்டினார். குனிந்து ஸ்டூலைத் தூக்கி நேராக வைத்தார், ஆனால் உட்காரவில்லை. நின்றுகொண்டே கீழ்த்தளத்துக்கான பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. லிஃப்ட் இறங்கியது. இரண்டாம் மாடியைத் தாண்டும்போது, எங்களைப் பார்க்காமல் கதவைப் பார்த்துக் கேட்டார்.

"ஸ்டூல்ல வேற ஆளை உட்கார வெச்சிருவாங்கல்ல?"

"வெக்கட்டும்," என்றார் இருட்டண்ணன், யாரையோ திட்டுகிற குரலில். "நீங்க திரும்பி வர்ற வரைக்கும் நான் இதுல ஏறமாட்டேன்."

வெளிநாட்டு புரோப் அதற்கப்புறம் சாவகாசமாக வந்து சேர்ந்தது. அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. லிஃப்ட்காரர் இன்னும் வார்டில்தான் இருக்கிறார், இரண்டாவது சுற்று மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. சில நாள் பேசுகிறார், சில நாள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இருட்டண்ணன் தினமும் போய்ப் பார்க்கிறார், திரும்பி வந்து என்னிடம் எரிந்து விழுகிறார். அந்தக் குட்டி பாட்டில்களையெல்லாம் பொறுக்கி அலமாரியில் பூட்டிவிட்டார். கதவிடுக்கில் துண்டு மட்டும் இன்னும் இருக்கிறது.

லிஃப்டுக்குப் புது ஆள் வந்துவிட்டார். வயது குறைவு, பாவம், நல்ல மனிதர். இன்று காலை நான் ஏறியபோது, எதிரே இருட்டண்ணன் மூட்டைப் பிடித்துக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தார். புதியவர் அவரைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மேடம், அந்த சாருக்கு என் மேல என்ன கோவம்? கூப்பிட்டாலும் வரமாட்டேங்கறாரே."

"உங்க மேல இல்ல," என்றேன். "அஞ்சாவது மாடிக்குப் போங்க."